எண்ணிக்கையோடு நிறுத்திவிடாதே, கலா

அன்புள்ள கலா,

உன் கடிதம் கிடைத்தது. மகள் நர்சிங் கடைசி வருடத்துக்கு வந்துவிட்டாள் என்று படித்ததும் ரொம்ப சந்தோஷம். நான் நலம். நைட் டூட்டியை விட்டாயிற்று. புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு வார்டு வேலை சொல்லிக் கொடுக்கும் பொறுப்பு இப்போது. முழங்கால் வலியும் கொஞ்சம் தேவலை.

நர்ஸ் சங்கத்தில் உன்னைக் குழுவில் போட்டிருப்பதும், நர்ஸ் எண்ணிக்கைக்குச் சட்டம் கேட்கும் வரைவை நீதான் எழுதப் போகிறாய் என்பதும் எனக்குப் பெருமை. 'ஐந்து நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்று ஒரே வரியில் கேட்டுவிடலாம்' என்று எழுதியிருந்தாய். அந்த வரி வேண்டியதுதான். ஆனால் யாரைக் கணக்கில் எடுப்பது, எந்த நேரத்தில் எண்ணுவது, குறைந்தால் நிர்வாகத்துக்கு என்ன ஆகும் என்பதையும் சேர்த்து எழுது. இல்லையென்றால் அந்த எண் வார்டுக்குள் வந்து சேராது.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தையே பார். 1999இல் சட்டம் போட்டார்கள், 2004 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது. ஐசியூவில் இரண்டு பேருக்கு ஒருவர், எமர்ஜென்சியில் நான்கு பேருக்கு ஒருவர், சாதாரண மெடிக்கல், சர்ஜிக்கல் வார்டில் முதலில் ஆறு, பிறகு ஐந்து. அந்த ஆறு ஐந்தாவதற்கே பெரிய போராட்டம். ஆளுநர் ஸ்வார்ஸ்நெகர் அதைத் தள்ளிப்போடப் பார்த்தார். நர்ஸ்கள் தெருவில் இறங்கினார்கள், நீதிமன்றமும் அவர்கள் பக்கம் நின்றது.

எனக்கு அங்கே பிடித்தது 'எல்லா நேரமும்' என்று விதியில் இருக்கும் சொல். ஆஸ்பத்திரிகள் அதை எதிர்த்து வழக்குப் போட்டன, சாப்பாட்டு நேரத்துக்கெல்லாம் மாற்று ஆள் வைக்க முடியாது என்றன. வழக்கு நிற்கவில்லை. இது எவ்வளவு பெரிய விஷயம் என்று உனக்குத் தெரியும். சாப்பிடப் போகும்போது 'என் பேஷன்ட்டையும் கொஞ்சம் பார்த்துக்கோ' என்று சொல்லிவிட்டுப் போவோம் இல்லையா? அந்த அரை மணி நேரம் பக்கத்து நர்ஸுக்குப் பத்துப் பேர். ஒரு பக்கம் டிரிப் தீர்ந்து அலாரம் அடிக்கும், ஆபரேஷன் முடிந்து வந்தவருக்கு பிரஷர் இறங்கும், அதே சமயம் பாத்ரூம் போக வேண்டும் என்று ஒரு பெரியவர் தானாகவே கட்டிலை விட்டு இறங்குவார். நான் இருந்த ஒரு வார்டில் அப்படித்தான் ஒருவர் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. விசாரணையில் 'டூட்டியில் யார்?' என்று கேட்டார்கள். அந்த நேரம் டூட்டியில் இருந்த நர்ஸின் கையில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. மெமோ வாங்கியது அந்தப் பெண். எனக்கு இன்னும் ஆறவில்லை, கலா.

அடுத்தது, யாரை எண்ணுவது என்பது. மேஜையில் உட்கார்ந்து ரிஜிஸ்டர் எழுதும் வார்டு இன்சார்ஜ் நர்ஸையும், பயிற்சிக்கு வந்த மாணவியையும் சேர்த்துக் கணக்குக் காட்டினால் எந்த எண்ணும் சரியாகத்தான் வரும். கலிபோர்னியாவில் நோயாளியை நேரடியாகப் பார்க்கும்போது மட்டும்தான் இன்சார்ஜ் கணக்கில் வருவார். இதை வரைவில் தனி வரியாகவே போடு.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 2000இலேயே ஒப்பந்தம் மூலம் இந்த விகிதத்தை வாங்கிவிட்டார்கள். இருபது நோயாளிக்கு ஐந்து நர்ஸ் என்று வார்டு கணக்கில் வைத்ததால், நோய் கடுமையாக இருப்பவருக்கு ஒருவரைக் கூடுதலாக விட இடம் கிடைத்தது. வேலையை விட்டுப் போன பலர் திரும்பி வந்தார்கள். 2015இல் அதுவே சட்டமானது. அதிலும் ஒரு ஓட்டை இருந்தது: விகிதப்படி பிரித்தபின் மீதி வரும் நோயாளிகள், ஒரு நர்ஸுக்கு உரிய எண்ணிக்கையில் பாதியைத் தாண்டாவிட்டால் கூடுதல் ஆள் போட வேண்டாம் என்ற விதி. நாலுக்கு ஒன்று என்ற இடத்தில் மீதி இரண்டு பேர் இருந்தால் அவர்களை இருக்கிறவர்கள் தலையிலேயே கட்டலாம். 2019 திருத்தத்தில்தான் அதைப் படிப்படியாக எடுக்கத் தொடங்கினார்கள். உன் வரைவில் மீதி வந்தால் மேலே ஏற்றித்தான் எண்ண வேண்டும் என்று எழுது.

பிரிட்டனின் வேல்ஸ் 2016இல் போட்ட சட்டத்தில் எண்ணே கிடையாது. நோயின் கடுமை, நர்ஸ்களின் அனுபவ மதிப்பீடு, படுக்கைப் புண், விழுதல் போன்ற விளைவுகள், இந்த மூன்றையும் வைத்து வார்டுவாரியாகக் கணக்குப் போடச் சொல்கிறது. நல்ல முறைதான். ஆனால் பணம் இல்லாத வருடத்தில் கணக்கைச் சுருக்கிவிட முடியும் என்ற பயம் எனக்கு உண்டு. கீழே ஒரு எண், அதற்கு மேல் நோயின் கடுமைக்கு ஏற்பக் கூடுதல் என்று இரண்டையும் கேள்.

எதிர்ப்பு வரும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இப்படி ஒரு சட்டத்தை 2018இல் மக்கள் வாக்கெடுப்புக்கு விட்டு, பத்தில் ஏழு பேர் வேண்டாம் என்றுவிட்டார்கள். வார்டுகளை மூட வேண்டி வரும், செலவு தாங்காது என்ற பிரசாரம் ஜெயித்தது. நம்மிடம் பதில் இருக்கிறது. அமெரிக்க நர்சிங் ஆராய்ச்சியாளர் லிண்டா ஐகென் குழுவின் 2002 ஆய்வைப் படி. ஒரு நர்ஸுக்கு ஒரு நோயாளி கூடினால், அறுவை சிகிச்சை முடிந்தவர்கள் முப்பது நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது. நர்ஸ் மனம் சோர்ந்துபோகும் வாய்ப்பு 23 சதவீதம் கூடுகிறது. 'ஆள் கிடைக்கவில்லை' என்பவர்களுக்கு இந்த இரண்டாவது எண்ணைக் காட்டு. ஆள் ஏன் நிற்கவில்லை என்பது அதிலேயே இருக்கிறது.

தண்டனையையும் விட்டுவிடாதே. கலிபோர்னியாவிலேயே 2019இல்தான் விகிதத்தை மீறினால் முதல் தடவை 15,000 டாலர், அடுத்தடுத்து 30,000 டாலர் அபராதம் என்று சட்டம் வந்தது. அப்புறம், ஆள் குறைவு என்று எழுதிக் கொடுக்கும் நர்ஸைப் பழிவாங்கக் கூடாது என்று ஒரு பிரிவு கட்டாயம் வேண்டும். எழுதிக் கொடுக்கப் பயந்தால் அபராதம் போட ஆதாரம் எங்கிருந்து வரும்?

மருத்துவ விடுப்பு, பிரசவ விடுப்புக்கு மாற்று ஆள் பற்றி உன் குறிப்பில் எதுவும் இல்லை. அந்தப் பகுதியை நான் எழுதித் தருகிறேன். குழு கூடும் தேதி தெரிந்ததும் சொல்லு. மகளுக்கு என் அன்பு.

அன்புடன்,
மீனா