கடலூர் லாரன்ஸ் ரோடு கடை முதலாளிங்களுக்கு, உங்க ஏசி மெக்கானிக் எழுதுறது

முதலாளிங்க எல்லாருக்கும் வணக்கம்ங்க. பேரு போடல, ஆனா உங்கள்ல பாதி பேருக்கு என்னைத் தெரியும், சித்திரைல ஏசி கூல் ஆவலன்னு போன் போட்டா ஏணியத் தூக்கிட்டு வர்றவன் நான்.

கொஞ்ச நாளா சர்வீஸுக்குப் போற கடைல எல்லாம் ஒரே கேள்விதான், கரண்ட் பில் கட்டி மாளல, மாடில சோலார் போட்டுரலாமாப்பான்னு. தாராளமா போடுங்க. வீட்லனா பகல்ல பேனல் குடுக்கற கரண்ட்ட செலவு பண்ண ஆள் இருக்காது, கடைக்கு அப்படி இல்ல, பத்து மணிக்கு ஷட்டர் தூக்கினதுலேருந்து வெயில் தாழற வரைக்கும் ஏசி ஓடுது, பேனலும் அந்த நேரத்துலதான் குடுக்குது. ஆனா அதுக்கு முன்னாடி கதவ சாத்துங்க முதலாளி. இத சொல்லத்தான் இவ்ளோ பெரிய மடல்.

ரோட்ல போறவங்க மேல ஜில்லுனு பட்டாதான் உள்ள வருவாங்கன்னு ரெண்டு கதவையும் தொறந்து போட்டிருக்கீங்க. குளிர் வெளிய போனா அந்த எடத்துக்கு ரோட்டு சூடும் கடல் காத்து ஈரமும் உள்ள வரும்ல, ட்ரெயின் பைப்ல ஏன்டா இவ்ளோ தண்ணி ஊத்துதுன்னு என்கிட்ட கேப்பீங்களே, அது அந்த ஈரம்தாங்க, அத தண்ணியாக்கி இறக்கறதுக்கும் கரண்ட் வேணும். ரிமோட்ல 18 இருக்கும், கடைக்குள்ள 27க்குக் கீழ இறங்கவே இறங்காது, கம்ப்ரஸர் நிக்காம ஓடிட்டே இருக்கும். 18 வச்சா சீக்கிரம் குளிரும்னு நெனைக்கறதும் தப்பு. 2020 ஜனவரிலேருந்து வர்ற ஸ்டார் ஏசிங்க ஆன் பண்ணாலே 24ல நிக்கற மாதிரிதான் வருது, ஒவ்வொரு டிகிரி ஏத்தினா சுமாரா 6 சதவீதம் மிச்சம்னு கணக்கு போட்டுத்தான் அப்படி வச்சாங்க.

ஃபேன் கணக்கு ஒன்னு சொல்றேன். பழைய ஃபேன் 75 வாட்ஸ், கம்மி கரண்ட்ல ஓடற புது மோட்டார் வச்ச பிஎல்டிசி ஃபேன் 30 வாட்ஸ் பக்கம். முப்பது ஃபேன் இருக்கற கடைல பத்து மணி நேரத்துக்கு 13 யூனிட்டுக்கு மேல மிச்சம். 3 கிலோவாட் சோலார் ஒரு நாள் பூரா வெயில்ல காஞ்சு குடுக்கறதே 12 யூனிட்டுதாங்க! அந்த சோலாருக்கு மாடில 300 சதுர அடி வேணும், ஃபேனுக்கு ஒன்னும் வேணாம்.

இன்னொன்னு மனசுக்கு கஷ்டமா இருக்கறது, மேக்க பாத்த கடை முகப்ப பூரா ஏசிபி ஷீட்டும் (அலுமினியத் தகடு ஒட்டின பலகை) கண்ணாடியும் வச்சு ஜன்னல அடைச்சிடறாங்க, சாயங்காலம் உள்ள அடுப்பு மாதிரி ஆயிடுது. பக்கத்துல பாண்டில அரவிந்தர் ஆசிரமத்தோட கோல்கொண்டே விடுதிய பாருங்க, ஆன்டொனின் ரேமண்ட்ங்கற ஆர்க்கிடெக்ட் வரைஞ்சு 1930கள்ல ஆரம்பிச்ச கட்டடம், சுவத்துக்கு பதிலா திருப்பி சாய்க்கற பலகைங்க, வெயில் வெளியவே நிக்கும் காத்து மட்டும் உள்ள வரும், ஏசியே கெடையாது. அதே கடக்காத்துதான நமக்கும் வருது.

சோலார் போடறப்போ ரெண்டு விஷயம். ஆன்கிரிட்னா, அதாவது ஈபி லைனோட சேத்து ஓடற சோலார்னா, லைன்ல கரண்ட் போனா அதுவும் ஆஃப் ஆயிடும், லைன்மேன் மேல ஷாக் அடிக்கக் கூடாதுன்னுதான் அப்படி, அதனால பேட்டரி இல்லாம பவர்கட்டுக்கு ஒதவாது, யாராவது ஒதவும்னு சொல்லி வித்தா நம்பாதீங்க. அப்புறம் 2011 டிசம்பர் 30 தானே புயல மறந்துட்டு பேனலத் தாங்கற ஸ்ட்ரக்சர்ல காசு மிச்சம் புடிக்காதீங்க, உப்புக்காத்துக்கு சாதா போல்ட் சீக்கிரம் துருப்புடிச்சுரும்.

பில்ல நீங்கதான் கட்டறீங்க, எனக்கென்னன்னு இருக்கலாம். ஆனா பழுப்பு நிலக்கரி தோண்டி கரண்ட் எடுக்கற நெய்வேலி நம்ம மாவட்டம். 2023 ஜூலைல வளையமாதேவி கிராமத்துல, அந்த நெய்வேலி சுரங்கத்துக்காக கால்வாய் வெட்ட, பயிர் நின்ன வயல்ல மெஷின் எறங்கினத டிவில நீங்களும்தான பாத்தீங்க. நம்ம லைன்ல வர்ற கரண்ட்ல அந்த மண்ணும் இருக்கு, அத ரோட்ட குளிர வைக்கறதுக்கு செலவழிக்கறத பாத்துட்டு எனக்கு சும்மா இருக்க முடியலங்க.

ஒரே ஒரு கடை முன்ன வாங்க. ரெண்டு மாசம் கதவுக்கு தானா மூடற க்ளோசர் போட்டு, 25ல வச்சு, "உள்ளே ஏசி உண்டு"ன்னு ஒரு போர்டு மாட்டுங்க. நான் வாரா வாரம் வந்து மீட்டர் ரீடிங் எழுதித் தர்றேன், ஃபில்டரும் கழுவித் தர்றேன், கூலி வேணாம். போன வருஷம் அதே ரெண்டு மாச பில்ல மட்டும் எடுத்து வைங்க.

இப்படிக்கு,
உங்க ஏசி மெக்கானிக்,
கூத்தப்பாக்கம், கடலூர்