உன் அம்மாவுக்குப் பூ அனுப்புவது பற்றி

ஸ்ரீவில்லிபுத்தூர்,
புரட்டாசி கடைசி சனிக்கிழமை

அன்புள்ள மீனா,

அம்மா பிறந்த நாளுக்கு டொரண்டோவிலிருந்தே ஆன்லைன் கடையில் சொல்லிப் பொக்கே அனுப்பலாமா என்று நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜைக் கேட்டேன். நானும் பதிலுக்குப் பேசி அனுப்பியிருக்கலாம். ஆனால் விஷயம் உன் அம்மா, அதுவும் பூ. எழுதினால்தான் கோர்வையாக வரும் என்று உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் அந்தப் பொக்கே யோசனையை விடு. நம் ஊருக்கும் டெலிவரி உண்டு என்று அவர்கள் போட்டிருப்பது பொய்யில்லை. ஆர்டர் மதுரைக்குப் போகும், அங்கிருந்து எழுபத்தைந்து கிலோமீட்டர் யாராவது தூக்கிக்கொண்டு வருவார்கள். எங்கள் எதிர்வீட்டுப் பாட்டிக்கு சிங்கப்பூரிலிருந்து பேரன் அப்படித்தான் அனுப்பினான். வந்து சேரும்போது உச்சி வெயில். கண்ணாடித்தாள் சுற்றிய ஜெர்பரா, நடுவில் பச்சை ஸ்பாஞ்ச். பாட்டி அதைக் கையில் வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது தலைக்கு வைக்கிறதா, சாமிக்குப் போடுறதா தம்பி?" என்று டெலிவரிப் பையனையே கேட்டார். அவன் போனில் கையெழுத்து வாங்கிக்கொண்டு நழுவிவிட்டான். கடைசியில் வாளியில் தண்ணீர் ஊற்றித் திண்ணையில் வைத்தார். போகிற வருகிறவர்கள் எல்லாம் என்ன விசேஷம் என்று கேட்க, பேரன் பெருமையைச் சொல்லிச் சொல்லி அந்த வாரம் போயிற்று. பாட்டிக்குச் சந்தோஷம்தான், அதை நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் உன் அம்மா வேறு மாதிரி. காசு கொடுத்து வாங்கியது வாளியில் கிடந்து அழுகுவதை அவர் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்.

அடுத்து தேதி. நீ சொல்லும் ஜூன் 5 உன் அம்மா பிறந்த நாளே இல்லை, பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட தேதி. அந்தத் தலைமுறையில் பாதிப் பேர் ஜூன் மாதம்தான் பிறந்திருக்கிறார்கள்! நானே கேட்டுவிட்டேன், ஐப்பசி அனுஷமாம். அப்படியென்றால் ஏறக்குறைய எல்லா வருஷமும் தீபாவளியை ஒட்டித்தான் வரும். அங்கேதான் சிக்கல். பண்டிகை என்றால் பூ விலை ஏறும், ஐப்பசி என்றால் அடைமழை, நனைந்த மொக்கு சாயங்காலத்துக்குள் பழுப்பேறிவிடும். சித்திரை, வைகாசியில் கிலோ 300 ரூபாய்க்கு அள்ளிக்கொண்டு போகச் சொல்கிற அதே மல்லி, பனி விழ ஆரம்பித்துவிட்டால் 2,000, 3,000 என்று போகும். மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள், பனிக்கு அதெல்லாம் தெரியுமா?

தெற்கு ரத வீதியில் உட்காருகிற பூக்கார அக்காவிடம் விசாரித்தேன். (நாம் ஸ்கூல் போகும்போது இருந்த பாட்டியின் மருமகள். அந்தப் பாட்டிக்குக் கை குட்டை, அவர் முழத்தில் வாங்கினால் நமக்கு எப்போதும் நஷ்டம். இந்த அக்கா கை நீளம்தான், ஆனால் நூலில் கட்டுகிறார், பூவுக்கும் பூவுக்கும் நடுவே ஆட்டோ போகும்.) சங்கரன்கோவில் சந்தையிலிருந்து விடிகாலையில் சரக்கு வருகிறதாம். தீபாவளி நெருக்கத்தில் மல்லியை நம்பாதீங்க, பிச்சி பாதி, மல்லி பாதி எடுத்துக்கோங்க என்றார். சரி, பூ கிடைத்துவிடும். அம்மா வாங்கிக்கொள்ள வேண்டுமே?

உன் அப்பா போன பதினாறாம் நாளோடு அம்மா பூ வைப்பதை விட்டுவிட்டார். அது உனக்கும் தெரியும், தெரிந்துதான் "பொக்கே என்றால் தலையில் வைக்க வேண்டியதில்லையே" என்று கெட்டிக்காரத்தனமாக யோசித்திருக்கிறாய். யார் வைக்கக் கூடாது என்று சொன்னார்கள் என்று நான் ஒருமுறை கேட்டேன். யாரும் சொல்லவில்லையாம். யாரும் சொல்ல வேண்டாம் என்றுதான் தானே விட்டுவிட்டதாகச் சொன்னார். எனக்கு இதில் இன்றைக்கும் ஆத்திரம் உண்டு மீனா. பூவும் பொட்டும் தாலியோடு வந்ததா என்ன? பாவாடை சட்டை காலத்திலேயே இரட்டைச் சடைக்கு வைத்துவிட்டதுதானே. சாமிக்குக் கட்டின மாலையைத் தான் சூடி அழகு பார்த்துவிட்டுக் கொடுத்தாள் என்பதற்காகவே ஒரு பெண்ணுக்குக் கோவில் கட்டிக் கும்பிடுகிற ஊர் இது. அவள் போட்டுக் களைந்த மாலை புரட்டாசி பிரம்மோற்சவத்துக்குத் திருப்பதி போகிறது, சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்கும்போது அவர் கழுத்துக்குப் போகிறது. ஊரே கூடி நின்று அந்த மாலையை வழியனுப்பி வைக்கிறோம். அதே மாட வீதியில்தான் உன் அம்மா மாதிரி எத்தனையோ பேர் வெறும் தலையோடு நடந்து வருகிறார்கள்.

ஆனால் என் ஆத்திரத்தை உன் அம்மா தலையில் இறக்கி வைக்க முடியாது. அதனால் போன வெள்ளிக்கிழமை ஒரு காரியம் செய்தேன். கட்டின பூ வாங்காமல், உதிரியாகக் கால் கிலோ மல்லி மொக்கு வாங்கிக்கொண்டு போய் அம்மா முன்னால் வைத்தேன். "எனக்கு எதுக்குடி பூ? சாமிக்குத் துளசி இருக்கு, போதும்" என்றார். உங்களுக்கு இல்லை, கட்டித் தாங்க, எனக்குத்தான் கட்ட வராதே என்றேன். பொட்டலத்தைப் பிரித்து ஒரு மொக்கை எடுத்துக் காம்பைப் பார்த்தார். "இது நேத்துப் பறிச்சதுடி. காம்பு பழுத்திருக்கு. எவ்வளவுக்குக் கொடுத்தா?" சொன்னேன். பூக்கார அக்காவுக்கு ஐந்து நிமிடம் அர்ச்சனை நடந்தது.

அப்புறம் கொல்லைக்குப் போய் வாழைப்பட்டை கிழித்து வந்தார். நாரைத் தண்ணீரில் போட்டு ஊறவைத்து, சம்மணம் போட்டு உட்கார்ந்தார். இரண்டு மொக்கு இந்தப் பக்கம், இரண்டு அந்தப் பக்கம், காம்போடு காம்பு. நாரை ஒரு சுற்று சுற்றி, விரலால் ஒரு சுண்டு, ஒரு இழு. அவ்வளவுதான், பார்வை என் மேல் இருக்கிறது, பேச்சு பக்கத்து வீட்டுச் சண்டை பற்றி, கை பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. காட்ராக்ட் ஆபரேஷனுக்குப் பிறகு ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லை என்கிறவர், ஒரு மொக்கைக்கூட நசுக்கவில்லை. கட்டி முடித்ததும் பாதியைத் தாயார் சன்னிதிக்கென்று இலையில் மடித்தார், பாதியை என் சடையில் அவரே வைத்துவிட்டார். கோவிலில் பட்டர் பிரசாதமாக ஒரு துண்டு பூ கொடுத்தார். அம்மா அதைக் கண்ணில் ஒற்றி, முந்தானையில் முடிந்துகொண்டார். வீட்டுக்கு வந்து அப்பா படத்துக்குப் போட்டார். தலையில் வைக்கவில்லை. ஆனால் மறுநாள் காலை ஏழு மணிக்கு எனக்குப் போன்: "அந்த தெற்குத் தெருக்காரி கிட்ட வாங்காதே, நான் நல்ல பூ எங்கேன்னு சொல்றேன்."

அதனால் என் யோசனை இது. பிறந்த நாளுக்கு ஒரே நாள் தடபுடலாக அனுப்புவதை விட, வாரம் இரண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும், உதிரிப்பூ வாடிக்கை போட்டுவிடலாம். அம்மா சொல்கிற கடையிலேயே. மாசக் கடைசியில் கணக்கு, கடைக்காரர் மகனுக்கு என் போனிலிருந்து ஜிபே செய்துவிடுவேன், நீ எனக்கு அனுப்பு. மல்லி ஏறிவிட்டால் பிச்சி, அதுவும் இல்லை என்றால் சம்பங்கி, கூடக் கொஞ்சம் மரிக்கொழுந்து. அனுஷத்தன்று மட்டும் ஒரு கிலோ. அவ்வளவு பூவைத் தனியாகக் கட்ட முடியாது, தெருவில் நாலு பேரைக் கூப்பிட்டுத்தான் ஆக வேண்டும். உனக்கு வேண்டியதும் அதுதானே, அன்றைக்கு அவர் தனியாக உட்கார்ந்திருக்கக் கூடாது. தலையில் வைப்பதா வேண்டாமா என்பதை அவரே பார்த்துக்கொள்ளட்டும், நீயும் கேட்காதே, நானும் கேட்க மாட்டேன்.

மற்றபடி இங்கே எல்லோரும் நலம். என் சின்னவளுக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்துவிட்டது. தினமும் சாயங்காலம் வீடியோ காலில் ரசம் எப்படி வைப்பது என்று பாடம் நடக்கிறது. மலைப் பக்கம் நல்ல மழை. செண்பகத்தோப்புக்குப் போய் நாம் சாப்பிட்ட புளிசாதம் ஞாபகம் இருக்கிறதா? 2021இல் புலிகள் காப்பகம் ஆனதிலிருந்து முன்போல நினைத்த நேரத்தில் நினைத்த இடத்துக்குப் போய்விட முடியாது, கெடுபிடி. ஆண்டாள் கையில் இருக்கும் கிளியைத் தினமும் இலையில் புதிதாகச் செய்கிறார்களே, மாதுளம்பூ மூக்கு வைத்து, அந்தப் பிரசாதக் கிளி ஒன்று அதிர்ஷ்டவசமாக எனக்குக் கிடைத்தது. உன் பேத்திக்குக் காட்டப் போட்டோ அனுப்பியிருக்கிறேன், பார்.

பால்கோவா பற்றி மறுபடி கேட்காதே. டொரண்டோ போய்ச் சேருவதற்குள் அது வேறு பண்டமாகிவிடும். கார்த்திகையில் உன் நாத்தனார் இங்கே வருகிறார் என்றாயே, அவர் கையில் கொடுத்து அனுப்புகிறேன், இரண்டு நாளுக்கு முன்னால் மட்டும் சொல்லச் சொல்.

பூ விஷயம் சரி என்றால் ஒரு வரி போடு, செவ்வாய்க்கிழமையே ஆரம்பித்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு பேசும்போது, நான்தான் ஏற்பாடு செய்தேன் என்று சொல்லிவிடாதே, விலை பேசத் தெரியாதவள் என்று இன்னொரு முறை என்னால் திட்டு வாங்க முடியாது.

அன்புடன்,
வள்ளி