மாதிரிகள் எந்த நாளில் ஓட்டப்பட்டன?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒரு சொட்டு இரத்தத்தைக் கொண்டு புற்றுநோயை முன்கூட்டியே கண்டறியலாம் என்று கூறும் ஆய்வுச் செய்திகள் நாளிதழ்களில் அடிக்கடி வெளிவருகின்றன. அவை கருவியின் நுட்பத்தை வியக்கின்றனவே தவிர, கருவி கொட்டிய எண்களைப் புள்ளியியல் மென்பொருள் எவ்வாறு கையாண்டது என்பதைத் தொடுவதே இல்லை. புள்ளியியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் பழைய நிகழ்வு ஒன்றை இங்கு நினைவூட்ட விரும்புகிறேன்.

2002 பிப்ரவரியில் 'லான்செட்' மருத்துவ இதழில் சினைப்பைப் புற்றுநோய் பற்றிய அமெரிக்க ஆய்வு ஒன்று வெளிவந்தது. நிறை நிறமாலைமானி என்னும் கருவி, இரத்தச் சீரத்தில் (இரத்தம் உறைந்தபின் பிரியும் நீர்மத்தில்) உள்ள புரதத் துணுக்குகளை அயனிகளாக்கி, நிறைக்கும் மின்னூட்டத்துக்கும் உள்ள விகிதப்படி பிரித்து, ஒவ்வொரு மாதிரிக்கும் ஏறத்தாழ 15,000 எண்களைத் தந்தது. நோயுள்ள 50 பெண்கள், நோயற்ற 50 பெண்கள் ஆகியோரின் மாதிரிகளைக் கொண்டு பயிற்றுவிக்கப்பட்ட மென்பொருள், புதிதாகக் கொடுத்த 116 மாதிரிகளில் புற்றுநோயாளிகள் 50 பேரையும் தவறாமல் அடையாளம் கண்டது. புற்றுநோயற்ற 66 பேரில் மூவரை மட்டுமே நோயாளிகள் எனப் பிழையாகக் காட்டியது.

நூறு பேரிடம் பதினைந்தாயிரம் அளவுகளை எடுத்தால், இரு குழுக்களையும் பிரித்துக்காட்டும் ஏதோ ஒன்று எப்படியும் அகப்படும். அது நோயின் தடயமா, ஆய்வகத்தின் தடயமா என்று மென்பொருளுக்குத் தெரியாது. அந்த அமெரிக்க ஆய்வுக்குழு வெளியிட்ட தரவுகளை எடுத்து ஹூஸ்டன் நகர எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தின் புள்ளியியலாளர்கள் பேகர்லி, மோரிஸ், கூம்ப்ஸ் ஆகியோர் மீண்டும் ஆராய்ந்து, 2004-இல் தங்கள் ஐயங்களை எழுதினார்கள். கருவியின் இரைச்சல் மட்டுமே இருக்கக்கூடிய பகுதியில்கூட இரு குழுக்களும் தெளிவாக வேறுபட்டன. அதற்கு முந்தைய ஆண்டே வேறு இரு ஆய்வாளர்கள், 2.79 என்ற விகித மதிப்பில் வேறுபாடு தெரிவதைச் சுட்டியிருந்தார்கள். அவ்வளவு சிறிய மதிப்பில் எந்தப் புரதமும் இருக்க வழியில்லை. மாதிரிகளைக் கையாண்ட விதமும், அவற்றைக் கருவியில் செலுத்தி ஓட்டிய நாளும் வரிசையுமே நோயாக வேடமிட்டிருக்கலாம் என்பதே இதன் பொருள். இப்பரிசோதனையை 'ஓவாசெக்' என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவர நடந்த ஏற்பாடுகளில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2004-இல் தலையிட்டது.

ஆய்வகத்தில் இத்தகைய பிழையே நேரவில்லை என்று வைத்துக்கொண்டாலும் ஒரு கணக்கு இடிக்கிறது. 2,500 பெண்களில் ஒருவருக்கே இந்நோய் இருக்குமானால், 66 பேரில் மூவர், அதாவது நூற்றுக்கு ஏறத்தாழ ஐந்து பேர் பிழையாகக் காட்டப்படும் விகிதப்படி, அந்த ஒருவரோடு சுமார் 125 பேர் வீணாக அச்சுறுத்தப்படுவார்கள்.

இன்று புள்ளியியலுக்கான 'ஆர்' நிரல்மொழியும், உயிரியல் தரவுகளை ஆராய அதன் மீது கட்டப்பட்ட 'பயோகண்டக்டர்' மென்பொருள் தொகுப்புகளும் இலவசமாகவே கிடைக்கின்றன. 5,000 புரதங்களை, தற்செயலான பிழைக்கு நூற்றுக்கு ஐந்து வரை இடமளிக்கும் வரம்பில் சோதித்தால், உண்மையில் எதுவுமே மாறாதபோதும் சுமார் 250 புரதங்கள் மாறியதாகத் தோன்றும். இதைக் கட்டுப்படுத்த புள்ளியியலாளர்கள் பெஞ்சமினியும் ஹோக்பர்க்கும் 1995-இல் தந்த முறை இம்மென்பொருள்களில் ஒற்றை வரியில் அடங்கிவிடுகிறது. விடுபட்ட அளவுகளை ஊகித்து நிரப்புவதும் அத்தனை எளிது என்பதுதான் கவலை. நிரப்பிய எண்ணும் அளந்த எண்ணும் அட்டவணையில் ஒன்றுபோலவே தெரியும். (எக்செல் செயலி சில மரபணுப் பெயர்களைத் தேதிகளாக மாற்றிவிடுவதால், 2020-இல் அந்தப் பெயர்களையே மாற்ற வேண்டிவந்தது!)

2002 ஆய்வாளர்கள் தங்கள் தரவுகளைப் பொதுவில் வைத்ததால்தான் குறை வெளிப்பட்டது. அதற்காக அவர்களைப் பாராட்டவே வேண்டும். எனவே, இத்தகைய செய்திகளை வெளியிடும்போது, தரவுகள் பிறர் சோதிக்கக் கிடைக்கின்றனவா, நோயுள்ளோர் மாதிரிகளும் நோயற்றோர் மாதிரிகளும் வரிசை கலைத்து, மாறி மாறி ஓட்டப்பட்டனவா, வேறோர் ஆய்வகத்தில் முடிவு திரும்பக் கிடைத்ததா என்பவற்றை ஆய்வாளரிடம் கேட்டு, கிடைத்த பதிலையும் சேர்த்து அச்சிடுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புள்ளியியல் ஆசிரியர்,
திருச்சிராப்பள்ளி.