எல்லாத் தீக்கும் ‘மின்கசிவு’ காரணமாகுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற வாரம் தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில், கூரை வீடு ஒன்று எரிந்து, நெல் மூட்டைகளும் பிள்ளைகளின் பாடப்புத்தகங்களும் சாம்பலான செய்தியைப் படித்து மனம் வருந்தினேன். அச்செய்தி ‘மின்கசிவு காரணமாகத் தீ விபத்து ஏற்பட்டதாகக் கூறப்படுகிறது’ என்று முடிந்திருந்தது. தொழிற்பயிற்சி நிலையத்தில் ஒயர்மேன் பிரிவு மாணவர்களுக்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். கீற்றுக் கொட்டகை எரிந்தாலும், ஜவுளிக்கடை எரிந்தாலும், தாழ்வாகத் தொங்கும் கம்பியில் உரசி வைக்கோல் லாரி எரிந்தாலும் இந்த ஒரே சொல்லே காரணமாக எழுதப்படுவதை நெடுங்காலமாகப் பார்த்து வருகிறேன். இது மொழித் திருத்தம் பற்றிய மனக்குறை மட்டுமாக இருந்தால் எழுதியிருக்க மாட்டேன். செய்தியில் வரும் சொல்லை நம்பித்தான் மக்கள் கடைக்குப் போய்ப் பொருள் வாங்குகிறார்கள் என்பதால் எழுதுகிறேன்.

காவிரிப் பாசனத்தில் வாழ்கிற நமக்குக் கசிவு என்ற சொல்லின் பொருளை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. கொள்ளிடக் கரையில் தண்ணீர் கசிந்தால் ‘கசிவு’ என்போம். கரை பிளந்து ஆறு ஊருக்குள் பாய்ந்தால் ‘உடைப்பு’ என்போம். கசிவுக்கு மண் அணைப்பதும், உடைப்புக்கு மணல் மூட்டையும் சவுக்குக் கட்டையும் இறக்குவதும் வேறு வேறு வேலைகள். உடைப்பெடுத்த இடத்தைப் பார்த்து யாராவது ‘கசிகிறது’ என்று சொன்னால் ஊரே அவரைத் திரும்பிப் பார்க்கும். மின்சாரத்தில் மட்டும் இந்த வேறுபாட்டை நாம் கைவிட்டுவிட்டோம்.

கம்பியின் மேல் உள்ள காப்பு நைந்து, ஈரத்தின் வழியாகவோ இரும்புப் பெட்டியின் வழியாகவோ மின்சாரம் சிறிது சிறிதாக நிலத்துக்குப் போவதே மின்கசிவு. பில்டர் பாயிண்ட் எனப்படும் ஆழம் குறைந்த குழாய்க் கிணற்றின் மோட்டார் கொட்டகையில், சேற்றுக் காலோடு ஸ்டார்ட்டர் பெட்டியைத் தொட்ட விவசாயிக்கு ‘ஷாக்’ அடிக்கிறதே, அது மின்கசிவு. வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கத்தில் உப்புக்காற்று மின்கம்பத்துப் பீங்கானில் படிந்து, பனியில் நனைந்து, இரவில் சிறு பொறியோடு சீறுகிறதே, அதுவும் மின்கசிவுதான். மின்சாரம் வரும் பேஸ் கம்பியும் அது திரும்பிப் போகும் நியூட்ரல் கம்பியும் இடையில் எந்தத் தடையும் இல்லாமல் நேருக்கு நேர் தொட்டுக்கொள்வதற்குக் குறுக்குச் சுற்று, அதாவது ‘ஷார்ட் சர்க்யூட்’, என்று பெயர். நம் ஊர்க் கூரைகளில் எலி கடித்துக் காப்பு போன கம்பிகளால் பெரும்பாலும் நேர்வது இதுவே. கம்பி தாங்கக்கூடிய அளவுக்கு மேல் கருவிகளை மாட்டி அதைச் சூடேற்றுவது மிகைச்சுமை. இவை மூன்றிலும் சேராத இன்னொன்று தளர்ந்த இணைப்பு. செய்தித்தாள்களில் இதன் பெயரை நான் பார்த்ததே இல்லை. இரண்டு கம்பிகளைக் கையால் முறுக்கி, மேலே டேப் சுற்றி, கீற்றுக்குள் செருகிவிடுகிறார்கள். நாளடைவில் அந்த முறுக்கு தளர்ந்து அங்கே அரை ஓம் அளவுக்குத் தடை உண்டானாலே, 10 ஆம்பியர் ஓடும்போது 50 வாட் வெப்பம் அந்த ஒரே புள்ளியில் சேர்கிறது. ஈயம் உருக்கப் பட்டறையில் பயன்படும் சால்டரிங் அயர்னுக்கு 25 வாட் போதும் என்பதை நினைத்துப் பார்த்தால், காய்ந்த கீற்றின் கதி புரியும்.

இவற்றுக்கான காவல் கருவிகளும் வெவ்வேறானவை. எம்.சி.பி. எனப்படும் கருவி மிகைச்சுமையையும் குறுக்குச் சுற்றையும் கண்டு துண்டிக்கும். 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு, ஒரு மனிதனின் உடல் வழியாக ஓடும் நூறு மில்லி ஆம்பியர் கண்ணிலேயே படாது. ஆர்.சி.சி.பி. எனப்படும் கருவியோ பேஸில் போகும் மின்னோட்டமும் நியூட்ரலில் திரும்பும் மின்னோட்டமும் சமமா என்று மட்டும் பார்க்கும். வீடுகளுக்குப் பரிந்துரைக்கப்படும் கருவி, திரும்புவது 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலே துண்டித்துவிடும். ஆனால் பேஸும் நியூட்ரலும் ஒன்றையொன்று தொட்டால் போனதும் வந்ததும் சமமாகவே இருப்பதால், அது பேசாமல் இருக்கும். தளர்ந்த இணைப்பு சூடாவதையோ இரண்டுமே அறியா. கசிவாலும் தீப்பிடிப்பதுண்டு, அதற்கென 300 மில்லி ஆம்பியர் கருவியும் உண்டு என்பதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். எனினும் கசிவை முதலில் உயிருக்கான ஆபத்தாகவே கருத வேண்டும்.

என் உறவினர் வீட்டில் சமையலறை இணைப்புப் பெட்டி கருகியபோது, ‘மின்கசிவுதான், பேப்பரில் போடுகிறார்களே’ என்று சொல்லி, செலவைப் பாராமல் கசிவைத் துண்டிக்கும் கருவி ஒன்றை வாங்கி மாட்டினார்கள். கருகிய முறுக்கு அப்படியே இருந்தது. அடுத்த தை மாதத்தில் அதே பெட்டி மீண்டும் புகைந்தது. நல்லவேளையாக அப்போது வீட்டில் ஆள் இருந்தார்கள். அந்தக் குடும்பத்தின் அக்கறையில் ஒரு குறையும் இல்லை, அவர்களுக்குக் கிடைத்த சொல்தான் தவறு.

கம்பி வாங்கும் இடத்திலும் இதே நிலைதான். என் இளமையில் ஒயர்மேன்கள் ‘மூணு இருபது’, ‘ஏழு இருபது’ என்பார்கள். 20-ஆம் கேஜ் இழை மூன்று அல்லது ஏழு சேர்ந்தது என்று பொருள். கேஜ் எண் கூடக் கூட இழை மெலியும் என்பதை மாணவர்களுக்குப் புரியவைக்கவே ஒரு வாரம் ஆகும். இன்று ‘ஒன்றரை எம்.எம்.’, ‘நாலு எம்.எம்.’ என்கிறார்கள். உண்மையில் அது சதுர மில்லிமீட்டர், அதாவது செம்பின் வெட்டுமுகப் பரப்பு. ‘சதுர’ என்ற சொல் பேச்சில் உதிர்ந்துவிட்டதால், வாங்குபவர் அதை விட்டம் என்று எண்ணிக் கம்பியின் வெளிப்பருமனைப் பார்த்து ஏமாறுகிறார். காப்பைத் தடிமனாக்கிச் செம்பைக் குறைத்தாலும் வெளியே பருமனாகத்தான் தெரியும். 1.5 சதுர மில்லிமீட்டர் ஒற்றைக் கம்பியின் விட்டம் சுமார் 1.4 மில்லிமீட்டர்தான், 4 சதுர மில்லிமீட்டருக்கே 2.3 மில்லிமீட்டரைத் தாண்டாது. மடையின் வாய் அகலம் எவ்வளவோ அவ்வளவு தண்ணீர் என்பது போல, இந்தப் பரப்புதான் கணக்கு.

தூரம் கூடினால் இந்தக் கணக்கு இன்னும் முக்கியமாகிறது. வீட்டிலிருந்து 60 மீட்டர் தள்ளி உள்ள ஒரு குதிரைத்திறன் மோட்டாருக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி இழுத்தால், ஓடும்போது 10 வோல்ட் அளவும், ஐந்தாறு மடங்கு மின்னோட்டம் இழுத்துத் தொடங்கும்போது 50 வோல்ட் அளவும் கம்பியிலேயே போய்விடும். மோட்டார் உறுமுமே தவிரச் சுற்றாது. கடைமடைக்குத் தண்ணீர் வராத கதையேதான். மின்வாரியம் குறைந்த மின்னழுத்தம் தருகிறது என்று புகார் எழுதுமுன் நம் கம்பியையும் பார்க்க வேண்டும்.

கம்பியின் உறையில் அச்சிட்டிருக்கும் ‘எஃப்.ஆர்.’ என்ற எழுத்துகளைக் கடைகளில் ‘தீப்பிடிக்காத ஒயர்’ என்று சொல்லி விற்கிறார்கள். எழுத்துகள் சொல்வது, தீ பரவுவதை மட்டுப்படுத்தும் காப்பு என்பதே. நெருப்பை அகற்றினால் அணைந்துவிடுமே தவிர, நெருப்பு இருக்கும்வரை அதுவும் எரியும், பி.வி.சி. எரியும் புகையில் அமில வாயுவும் வரும். புகையைக் குறைப்பதற்கு ‘எஃப்.ஆர்.எல்.எஸ்.’ என்று வேறு வகை உண்டு. தீக்குள்ளும் சில நேரம் வேலை செய்யும் கம்பி முற்றிலும் வேறு இனம். தங்கள் நாளிதழின் வீடு கட்டுவோர் பக்கத்திலும் சில மாதங்களுக்கு முன் ‘தீப்பிடிக்காத’ என்றே அச்சாகியிருந்தது.

இன்னொரு வேண்டுகோளும் உண்டு. சம்பா அறுவடைக் காலத்தில் அறுவடை இயந்திரம் மின்கம்பியில் பட்டது என்ற செய்திகளில் ‘மின் ஒயர்’ என்று எழுதுவதைத் தவிர்க்க வேண்டும். ஒயர் என்றதும் மேலே காப்பு இருப்பதாகப் படிப்பவர் எண்ணுகிறார். வயலுக்கு மேலே போவது எந்த உறையும் இல்லாத வெறும் அலுமினியக் கம்பி. கம்பி என்றே எழுதலாம். அதேபோல், கையெட்டும் உயரத்தில் தொங்குவது ‘தாழ்வான’ கம்பி. வீட்டுக்கு 230 வோல்ட் கொண்டுவருவது ‘தாழ்வழுத்த’ கம்பி. 11,000 வோல்ட் கம்பியும் தாழ்வாகத் தொங்கலாம் என்பதால், இந்த இரண்டு சொற்களையும் மாற்றி எழுதுவது உயிரோடு விளையாடுவதாகும்.

சரியான சொல்லைப் பத்திரிகைகளால் ஊர் முழுக்கக் கொண்டுசேர்க்க முடியும் என்பதற்கு ‘மும்முனை மின்சாரம்’ என்ற சொல்லே சான்று. பள்ளிக்கூடம் போகாத விவசாயிகளும் இன்று அதைத் தயக்கமின்றிச் சொல்கிறார்கள். ‘குறுக்குச் சுற்று’, ‘தளர்ந்த இணைப்பு’ ஆகியவையும் அவ்வளவு கடினமான சொற்கள் அல்ல.

தீ விபத்துச் செய்தி தரும் தங்கள் நிருபர்கள், தீயணைப்பு அலுவலரிடமோ மின்வாரியப் பொறியாளரிடமோ, முதலில் எரிந்தது எந்த இடம், கம்பியின் நடுப்பகுதியா, இணைப்பா, கருவியா என்ற ஒரு கேள்வியைக் கூடுதலாகக் கேட்கும்படி பணிவுடன் வேண்டுகிறேன். அதற்கு விடை கிடைக்காத நாளில், ‘காரணம் தெரியவில்லை’ என்றே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வு பெற்ற ஒயர்மேன் பிரிவுப் பயிற்றுநர்,
பாபநாசம் வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்.