கோபி மஞ்சூரியனுக்கு சீனாக்காரன் என்ன பண்ணுவான்

ஆசிரியர் சாருக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல சைனீஸ் சாப்பாடுன்னாலே எண்ணெய், செவப்புக் கலர், அஜினோமோட்டோ, இதெல்லாம் வயித்துக்கு ஆவாது, பிள்ளைங்களுக்கு வாங்கித் தராதீங்கன்னு போட்டிருந்தீங்க. வாங்கித் தராதீங்கன்றது சரிதாங்க, எங்க கடைக்கு எதுத்தாப்ல சாயங்காலமானா நிக்கிற தள்ளுவண்டியப் பாத்தாலே தெரியும், அந்த கோபி மஞ்சூரியன் காலிஃபிளவர் செவப்பு கையில ஒட்டுனா சோப்பு போட்டாலும் போவாது. கர்நாடகாவுல 2024 மார்ச்சுல அந்தக் கலருக்கே தடை போட்டாங்க. ஆனா அதப் போயி சைனீஸ்னு எழுதுறீங்க பாருங்க, அங்கதான் எனக்கு ஒப்பல.

மஞ்சூரியன் மும்பையில பொறந்தது சார். கல்கத்தா சீனாக்காரர் நெல்சன் வாங்னு ஒருத்தர் 1975 வாக்குல அங்க கிரிக்கெட் கிளப்ல சிக்கன வச்சு மொதமொத பண்ணாருன்னு சொல்லுவாங்க, காலிஃபிளவர் அப்பறமா வந்து சேந்துக்கிட்டது. அஜினோமோட்டோ ஜப்பான்காரன் 1908ல கண்டுபிடிச்ச சரக்கு. ரெண்டுக்கும் பழிய சீனாக்காரன் தலையில கட்டுறோம்.

நான் மன்னார்குடியில மோட்டார் காயில் கட்டுற கடை வச்சிருக்கேன். போன வருசம் மகனப் பாக்க சிங்கப்பூர் போயிருந்தப்ப ஐடிஐல கூடப் படிச்ச மூணு பேரு, இருவது வருசமா அங்கயே கப்பல் பட்டறையில கெடக்குறவனுங்க, மாப்ள நீ கெளம்புடான்னு சைனாடவுன்ல ஒரு கேண்டனீஸ் ஹோட்டலுக்கு இழுத்துட்டுப் போனானுங்க. நம்ம மாரியம்மன் கோயிலும் 1827லேர்ந்து அந்த சைனாடவுனுக்குள்ளதான் இருக்கு, மொதல்ல அங்க ஒரு கும்புடு போட்டுட்டுதான் சாப்பாடு.

தென் சீனாவுல கேண்டன்னு வெள்ளக்காரன் சொன்ன ஊரு இப்ப குவாங்சோ. அதுவும் ஒரு டெல்டாதான், முத்து ஆறுன்னு பேரு, நெல்லு, கொளம், மீனு, வாத்துன்னு எல்லாம் நம்ம பக்கத்து வெவகாரம். அந்த ஊர்க்காரங்க சாப்பாட்டுல காரம்ன்றது கிட்டத்தட்ட கெடையாது, மீனுன்னா மீனு ருசி தெரியணும் அவ்ளோதான். போயி ஒக்காந்ததும் ஒரு கூஜா டீ, பாலும் கெடையாது சக்கரையும் கெடையாது, எனக்கு ஊத்துனப்ப நான் தேங்க்ஸ்னு சொன்னேன், பக்கத்துல இருந்தவன் அப்டி இல்லடா ரெண்டு வெரல மடக்கி மேசையில தட்டுன்னான், அதுதான் அவங்க நன்றி சொல்றதாம். இந்த சாப்பாட்டுக்குப் பேரே யம் சா, டீ குடிக்கிறதுன்னு அர்த்தம், நம்ம கும்பகோணத்துல காப்பி குடிச்சிட்டு வரேன்னு கெளம்பி ரெண்டு இட்லி ஒரு ரவா தோசைய முடிச்சிட்டு வர்ற கதைதான்.

மூங்கில் தட்டுல ஆவி பறக்க ஹார் காவ்னு ஒண்ணு வந்துச்சு, உள்ள எறா, மேல கண்ணாடி மாதிரி மாவு, எங்க அப்பாயி பிள்ளையார் சதுர்த்திக்குப் பண்ற கொழுக்கட்டைக்கு எறா பூரணம் வச்சா எப்டியோ அப்டி. கோழிப் பாதம் ஒண்ணு வந்துச்சு, நெகத்த வெட்டிட்டு பொரிச்சி அப்பறம் அவிப்பாங்களாம், அத நான் தொடல, மூணு பேரும் எலும்பத் துப்பித் துப்பித் தின்னானுங்க. அப்பறம் அரிசிக்கஞ்சி, கொழைய வெந்தது, மெனுவுல இங்கிலீஷ்ல காஞ்சின்னு போட்டிருந்துச்சு. அந்த வார்த்தையே நம்ம கஞ்சிலேர்ந்து போனதுதான் சார், சீனாக்காரன் அவன் பாசையில ஜுக்னுதான் சொல்லுவான். நம்ம பேர போட்டு அவன் கஞ்சிய வித்து நானூறு ரூவா வாங்குறான்.

கடைசியா முழு கொடுவா மீனு. இஞ்சி, வெங்காயத்தாளு போட்டு அவிச்சு, சோயா சாஸ் ஊத்தி, மேல காய்ச்சுன எண்ணெய சொய்ங்னு விட்டுக் கொண்டாந்தாங்க. மேல் பக்கம் முடிஞ்சதும் நான் திருப்பப் போனேன், நாகப்பட்டினம் அக்கரைப்பேட்டைக்காரன் ஒருத்தன் எங்க செட்டுல, கையப் புடிச்சிட்டான், திருப்பாதடா, மீனத் திருப்புனா படகு கவுந்துரும்னு இவங்க சொல்லுவாங்க, முள்ளத் தூக்கிட்டு அடியில உள்ளதத் தின்னுன்னான். கேலி பண்ணலாம்னு பாத்தேன், சுனாமியில அவன் வீட்டுல ஆள் போனது ஞாவகம் வந்துச்சு, சும்மா இருந்துட்டேன்.

ஒரேடியா தூக்கிப் புடிக்கலிங்க. அங்கயும் சார்சியூன்னு ஒரு பன்னிக்கறி செவப்பாதான் தொங்குது, அதுக்கும் கலர் சேக்குற கடை உண்டாம், அஜினோமோட்டோவும் அங்க நெறைய பேரு போடுறாங்கன்னு இவனுங்களே சொன்னானுங்க. பில்லுல நாங்க கேக்காமலே வச்ச வேர்க்கடலைக்கும் ஈரத் துண்டுக்கும் காசு, அதுக்கு மேல 10 சதவீதம் சர்வீஸ், 9 சதவீதம் ஜிஎஸ்டி. நாலு பேரும் ஒருத்தன் மொகத்த ஒருத்தன் பாத்துக்கிட்டோம்.

அதனால அடுத்த தடவ எழுதுறப்ப தள்ளுவண்டி மஞ்சூரியன்னே எழுதுங்க சார், இல்ல நம்ம ஊர் சைனீஸ்னாவது எழுதுங்க.

ஊருக்கு வந்து நானே ஒரு கொடுவா வாங்கி இட்லிப் பானையில அவிச்சேன். வாசன நல்லாத்தான் வந்துச்சு. வீட்டுக்காரம்மா மூடியத் தொறந்து பாத்துட்டு, என்னங்க இது ஒடம்பு சரியில்லாதவங்களுக்கு வைக்கிற மாதிரி இருக்குன்னு, பாதி மீனத் தூக்கி கொழம்புச் சட்டியில போட்டுட்டாங்க.

இப்படிக்கு
மோட்டார் கடைக்காரர், மன்னார்குடி