கணித வட்டத்தின் செயலாளர் ஆண்டறிக்கை: 4294967297

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

சென்ற பொதுக்குழுவின் முடிவுப்படி இந்த ஆண்டு ஒரே ஓர் எண்ணை எடுத்துக்கொண்டோம். 4294967297, அதாவது நானூற்று இருபத்தொன்பது கோடியே சொச்சம். 2³² + 1 என்று எழுதினால் அதன் குலம் விளங்கும். 2-இன் அடுக்கை 1, 2, 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே போய் ஒன்று கூட்டினால் வரும் 3, 5, 17, 257, 65537 என்ற வரிசையில் அடுத்து வருவது இது. முந்திய ஐந்தும் பகா எண்கள். இந்த வரிசையில் வருபவை யாவும் பகா எண்களே என்று 1640-இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் ஃபெர்மா எழுதினார். 1732-இல் சுவிஸ் கணித அறிஞர் ஆய்லர் இதை 641 × 6700417 என்று உடைத்துக் காட்டினார்.

641 ஏன் வகுக்கிறது? இதற்குத்தான் அதிகப் பொழுது செலவானது, வீணாகவில்லை. 641 = 5 × 2⁷ + 1. ஆகவே 641-ஆல் வகுக்கையில் 5 × 2⁷ என்பதன் மீதியை −1 எனக் கொள்ளலாம். நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸ என்பதன் மீதி 1. இனி 641 = 625 + 16, அதாவது 5⁴ + 2⁴. எனவே 5⁴ இருக்கும் இடத்தில் −2⁴ வைக்கலாம். −2³² என்பதன் மீதி 1 என்றாகிறது. 2³² + 1 மிச்சமின்றி வகுபடுகிறது. பத்து இலக்க எண்ணை ஒருமுறைகூட வகுக்கவில்லை! கணிப்பானை முதலில் எடுத்தவர்களுக்கு இந்தச் சுகம் கிட்டாது என்பது என் தனிப்பட்ட கருத்து; நிர்வாகக் குழு இதற்குப் பொறுப்பல்ல.

இந்த எண்ணின் பகாக் காரணி எதுவானாலும் 64-இன் மடங்கைவிட ஒன்று கூடுதலாகவே இருக்கும் என்று ஆய்லர் பின்னாளில் நிறுவினார். அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, 641 என்று போகின்றன. ஐந்தாவது வகுத்தலில் விடை வந்துவிடுகிறது. அதே 1640-இல் 2³⁷ − 1 என்பதை 223 வகுக்கும் என்று கண்டுபிடித்த ஃபெர்மா, இதை எப்படித் தவறவிட்டார்? விவாதம் காரசாரமாகவே நடந்தது, முடிவு எட்டப்படவில்லை.

நம் எண்ணில் இரண்டு குறைத்தால் கிடைக்கும் 4294967295, முந்திய ஐந்து எண்களின் பெருக்கற்பலன். அத்தனை பக்கங்கள் கொண்ட ஒழுங்குப் பலகோணத்தை அளவுகோலும் கவராயமும் கொண்டு வரைய முடியும். நம் எண்ணுக்கு அந்த யோகம் இல்லை. கணினியில் 32 பிட் (இரும இலக்க) இடத்தில் அடங்கும் மிகப் பெரிய முழு எண்ணும் அதே 4294967295தான். அதைத் தாண்டினால் எண்ணிக்கை மீண்டும் 0-இலிருந்து தொடங்கும்; அதனால் ஓர் உறுப்பினரின் கணினி நிரல் நம் எண்ணை 1 என்று எடுத்துக்கொண்டு, காரணிகளே இல்லை என்று அறிவித்தது.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். வரும் ஆண்டுக்கு 2⁶⁴ + 1 என்ற எண்ணை, அதாவது 18446744073709551617-ஐ, குழு பரிந்துரைக்கிறது. 1880-இல் லாண்ட்ரி என்பவர் அதன் காரணி 274177 என்று கண்டார். ஒப்புதல் அளிக்குமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்