தெருவைக் கொடுக்கும் முன் பத்திரத்தைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பல்கலைக்கழக வளாகத்தை விரிவாக்கப் பொதுத் தெரு ஒன்றை மூட வேண்டும் என்ற கோரிக்கை எந்த ஊரில் வந்தாலும், கல்வி வளரட்டும் என்று ஒரு தரப்பும் எங்கள் வழியைப் பறிக்காதீர்கள் என்று மறுதரப்பும் மோதிக்கொள்கின்றன. கையெழுத்தாகப் போகும் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. பின்னாளில் வரும் சிக்கல்கள் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகின்றன. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகம் இதற்கு நல்ல சான்று. தெருக்களை இருவேறு காலங்களில் இருவேறு விதமாக அது கையாண்டிருக்கிறது.

முதலாவது 116-ஆம் தெரு. 1897-இல் நியூயார்க்கின் மான்ஹாட்டன் பகுதியிலுள்ள மார்னிங்சைட் ஹைட்ஸுக்கு இடம்பெயர்ந்த பல்கலைக்கழகம் 1903-இல் அந்தத் தெருவுக்குத் தெற்கிலும் நிலம் வாங்கியது. அதனால் தெரு வளாகத்தின் நடுவில் வந்துவிட்டது. 1953-இல் பிராட்வே, ஆம்ஸ்டர்டாம் அவென்யூ என்ற இரு பெரிய சாலைகளுக்கும் இடைப்பட்ட பகுதியை நகரம் வண்டிகளுக்கு மூடி, 1,000 டாலருக்குப் பல்கலைக்கழகத்திடம் கொடுத்தது. நடந்து போகிறவர்களுக்கு வழி தொடர்ந்தது. பிராட்வேயில் சுரங்க ரயிலைவிட்டு இறங்கியவர்கள் கிழக்கே போக அதுதான் நேர்வழி. ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் அதை யாரும் உரிமைப் பிரச்சினையாக நினைக்கவில்லை. 2023 அக்டோபருக்குப் பின் காசா போர் தொடர்பாக எழுந்த போராட்டங்களை ஒட்டி வாயிற்கதவுகள் அடைபடத் தொடங்கின. 2024-இல் அடையாள அட்டை இல்லாதவர்களுக்கு உள்ளே இடமில்லை என்றானது. நடைவழி உரிமை 1953 ஏற்பாட்டிலேயே இருக்கிறது என்று வாதிட்டு அப்பகுதிவாசிகள் 2025-இல் நீதிமன்றம் சென்றார்கள்.

இதனால் நடப்பவருக்கு என்ன இழப்பு என்று கணக்கிடலாம். வளாகம் 114-ஆம் தெருவிலிருந்து 120 வரை ஒரே துண்டாகக் கிடக்கிறது. மான்ஹாட்டனில் வடக்கு தெற்காக ஒரு தெருவிலிருந்து அடுத்த தெரு சுமார் 80 மீட்டர். 116-இல் கதவு அடைத்திருந்தால் 114 வரை இறங்கி, குறுக்கே கடந்து, மறுபடி 116-க்கு ஏற வேண்டும். கூடுதலாக 320 மீட்டர். இளைஞருக்கு நான்கு நிமிடம். கைத்தடி ஊன்றி நடப்பவருக்கு அதைப் போல இரண்டு மடங்கு, அதுவும் போக ஒரு தடவை, வர ஒரு தடவை.

இரண்டாவது, அதே பல்கலைக்கழகத்தின் மான்ஹாட்டன்வில் வளாகம். சுமார் 17 ஏக்கர். 2007 டிசம்பரில் நகர மன்றம் ஒப்புதல் தந்தது. இங்கே குறுக்குத் தெருக்கள் பொதுத் தெருக்களாகவே நீடிக்கின்றன. மதிலும் வாயிற்கதவும் கிடையாது. கட்டடங்களை அடித்தளத்தில் இணைக்கத் தெருவுக்குக் கீழே உள்ள இடம் மட்டும் பல்கலைக்கழகத்துக்குப் போனது. மேற்பரப்பு நகரத்திடமே இருக்கிறது. இத்திட்டத்துக்காகத் தனியார் நிலங்களைக் கட்டாயமாகக் கையகப்படுத்தியது பெரும் வழக்கானது. அந்தக் கசப்பை நாங்கள் மறைக்கவில்லை. ஆனால் தெருவைப் பொறுத்தவரை இதுவே சரியான முறை. வளாகத்துக்குத் தேவையானது இணைப்பு என்றால் கீழ்த்தளமோ மேம்பாலமோ போதும். தெருவின் உரிமையைக் கேட்பானேன்?

அந்த ஒப்புதல் வந்த முறையும் கவனிக்கத்தக்கது. நியூயார்க்கில் நகர வரைபடத்தில் தெருவை மாற்றும் விண்ணப்பம் வட்டார வாரியத்தில் 60 நாள், வட்டாரத் தலைவரிடம் 30 நாள், திட்ட ஆணையத்தில் 60 நாள், நகர மன்றத்தில் 50 நாள் என்று பொது விசாரணைகளோடு நகர வேண்டும். ஒரே கூட்டத்தில் கடைசி அயிட்டமாகத் தீர்மானம் போட்டு முடிக்கும் வேலை அல்ல அது.

நம் மாநகராட்சிகளும் நகராட்சிகளும் இப்படிப்பட்ட விண்ணப்பத்தை எடுக்கும்போது முதலில் போக்குவரத்துக் கணக்கெடுப்பைக் கேட்க வேண்டும். கோடை விடுமுறையில் எடுத்த கணக்கு செல்லாது. வகுப்பு நடக்கும் வேலை நாளில், காலையும் மாலையும், 15 நிமிட இடைவெளிகளில், வண்டிகளோடு நடப்பவர்களையும் சைக்கிள்களையும் எண்ண வேண்டும். மூடப்படும் தெருவில் மட்டும் எண்ணினால் போதாது. அங்கிருந்து விலகும் வண்டிகள் போய்ச் சேரும் அடுத்த சந்திப்புகளில் எந்தத் திருப்பம் ஏற்கெனவே நிரம்பி வழிகிறது என்பதுதான் முக்கியம்.

பெரும்பாலும் மறந்துபோவது நிலத்தடி. தெரு மூடினாலும் அதற்குக் கீழே ஓடும் குடிநீர்க் குழாய், பாதாளச் சாக்கடை, மழைநீர் வடிகால், மின் கேபிள் எதுவும் மூடுவதில்லை. சாக்கடை சரிவை நம்பி ஓடுவது; நினைத்த பக்கம் திருப்ப முடியாது. சிறிய குழாய்களில் சுமார் 30 மீட்டருக்கு ஓர் ஆள்நுழைவுக் குழி இருக்கும். வளாகத்தார் ஓடு பதித்து, மண் கொட்டி, மரம் நட்டு அழகுபடுத்தும்போது முதலில் புதைவது இந்த மூடிகள்தான். அடைப்பு ஏற்படுவது வளாகத்துக்கு உள்ளே, கழிவுநீர் பொங்குவது மேட்டுப் பக்கத்துத் தெருக்காரர் வீட்டில். ஆகவே குழாய்களின் மேல் கட்டடமும் வேர் பரப்பும் மரமும் வராத ஒரு பட்டையை மீட்டர் கணக்கில் அளந்து பத்திரத்தில் எழுத வேண்டும். எந்த நேரத்திலும் தோண்ட உள்ளாட்சிக்கு அனுமதி இருக்க வேண்டும், தோண்டிய இடத்தைச் சீராக்கும் செலவு வளாகத்தைச் சேர வேண்டும்.

தீயணைப்பு வண்டிக்கும் இப்படித்தான். உயரமான கட்டடங்களுக்கு 6 மீட்டர் அகலப் பாதையும் 9 மீட்டர் திரும்பு ஆரமும் 45 டன் தாங்கும் தளமும் தேசியக் கட்டட விதித்தொகுப்பு கேட்கிறது. நடைபாதையாக மாற்றிய தெருவில் அலங்காரத் தூண்களையும் கல் இருக்கைகளையும் வைத்தால் இந்த அகலம் காகிதத்தில் மட்டும்தான் இருக்கும்.

கடைசியாக, நடைவழி. "பொதுமக்கள் அனுமதிக்கப்படுவர்" என்ற வாசகத்தை ஏற்கவே கூடாது. அனுமதிப்பவர் நாளை மறுக்கலாம். அதைப் பதிவு செய்யப்பட்ட வழியுரிமையாக, சர்வே எண்ணோடும் அளவு வரைபடத்தோடும், நிலம் கைமாறினாலும் தொடர்வதாக எழுத வேண்டும். எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, கதவு வைக்கலாமா, நெருக்கடி என்றால் அதிகபட்சம் எத்தனை மணி நேரம் அடைக்கலாம், அதற்கு மேல் யாருடைய எழுத்துபூர்வ ஆணை வேண்டும், மீறினால் நாளொன்றுக்கு என்ன அபராதம், எந்தக் கட்டத்தில் நிலம் உள்ளாட்சிக்கே திரும்பும் என்பதெல்லாம் அதில் வர வேண்டும். வரைவுப் பத்திரத்தைத் தமிழில், மன்றக் கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்பே வார்டு அலுவலகத்திலும் மூடப்படும் தெருவின் இரு முனைகளிலும் ஒட்டும்படி ஆணையர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நகரமைப்புப் பொறியாளர்கள் சிலர்,
திருச்சிராப்பள்ளி